அதற்கு முன்னால் என்ன நடந்தது

மூன்றாவது மஞ்சள் தாள் விழுந்துவிட்டது என்று காப்பகத்திலிருந்து போன் வந்தபோது அவள் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். ஒரு மாதத்துக்குள் ஒருவர் பெயரில் மூன்று மஞ்சள் தாள், அதாவது புகார்த் தாள், சேர்ந்தால் ஆளை மாடிக்கு மாற்றிவிடுவது அந்த முதியோர் காப்பகத்தின் விதி. கீழ்த்தளத்தில் தோட்டத்துக்குப் போக ஒரு கதவு உண்டு, பகலெல்லாம் திறந்தே கிடக்கும். மாடியில் கதவுக்குப் பூட்டு, ஜன்னலுக்குக் கம்பி, காலையும் மாலையும் ஆளை அடக்கி வைக்க ஒரு மாத்திரை. மாடிக்குப் போய்த் தன் காலால் நடந்து இறங்கி வந்தவர் என்று அவளுக்குத் தெரிந்து ஒருவரும் இல்லை. வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு டாக்டர் முன்னிலையில் கூட்டம், நீங்களும் மகளும் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லிவிட்டு மேட்ரன் போனை வைத்துவிட்டார்.

மாடிக்குப் போகவிருந்தவர் அவளுடைய கணவர். மறதி நோய் வந்து நான்கு வருடம், காப்பகத்தில் சேர்த்து ஏழு மாதம். பெயர் மறந்தது, வீடு மறந்தது, மகள் முகம் மறந்தது. தோட்டத்துக்குப் போகிற வழி மட்டும் மறக்கவில்லை. காலையில் போய் உட்கார்ந்தால் மத்தியானம் யாராவது கூப்பிடும்வரை அங்கேயே இருப்பார். அந்த ஒரு கதவும் போய்விட்டால் அவருக்கு மிச்சம் என்ன இருக்கிறது?

இருவரும் முப்பத்தொரு வருடம் ஓர் அகராதி அலுவலகத்தில் எதிரெதிர் மேஜையில் வேலை பார்த்தவர்கள். ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் பொருள் எழுதுவது வேலை. ஒரு சொல்லுக்கு ஓர் அட்டை. ஒருவர் எழுதினால் இன்னொருவர் படித்துப் பார்த்து ஓரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு கையெழுத்து இல்லாத அட்டை அச்சுக்குப் போகாது. அவள் அட்டைகளுக்கு அவர்தான் இரண்டாம் கையெழுத்து. புருஷன்தானே, கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிடுவார் என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். "இதுல யார் யாரை என்ன பண்ணாங்கன்னு தெரியலையே" என்று அட்டையை அவள் மேஜைக்கே திருப்பித் தள்ளுவார். ஒரு சொல்லுக்காக மூன்று நாள் பேசாமல் இருந்ததும் உண்டு. அந்த மூன்று நாளும் வீட்டில் சாப்பாடு தட்டில் சத்தத்தோடு வந்து விழும். அலுவலகத்தில் அவளுக்கு 'அகராதி' என்றே பெயர். தொழிலால் வந்த பெயரா, குணத்தால் வந்த பெயரா என்று யாரும் விளக்கவில்லை. இரண்டுமே பொருந்தியதால் அவளும் கேட்டுக்கொள்ளவில்லை.

வெள்ளிவரை பொறுக்க அவளுக்கு மனசு கேட்கவில்லை. புதன்கிழமையே பஸ் பிடித்துப் போய் மேட்ரன் அறையில் உட்கார்ந்து, மூன்று தாளையும் காட்டுங்கள் என்று ஒற்றைக்காலில் நின்றாள். நாற்பது பேரை மேய்க்கிற மேட்ரனுக்கு அன்று அதற்கெல்லாம் நேரம் இல்லை. ஆனாலும் கோப்பை எடுத்து முன்னால் வைத்தார்.

ஒவ்வொரு தாளிலும் தேதி, நேரம், இடம். அதன் கீழே ஆறு கட்டம். அழுகை, அலைதல், சாப்பிட மறுத்தல், மருந்து மறுத்தல், விழுதல். ஆறாவது கட்டத்தின் மேல் ஆங்கிலத்தில் 'அக்ரெஷன்' என்று போட்டிருந்தது. மூன்று தாளிலும் அந்தக் கட்டத்தில்தான் டிக். அடியில் குறிப்பு எழுத இரண்டே வரி. காலை எட்டேகால், உணவு அறை, பணியாளரைத் தள்ளினார். காலை ஏழரை, குளியலறை, பணியாளரைத் தள்ளினார். மாலை நான்கு, அறை, நர்ஸைத் தள்ளினார், நர்ஸின் கண்ணாடி உடைந்தது.

"தள்ளினார்னு இருக்கு. அதுக்கு முன்னாடி என்ன நடந்ததுன்னு இல்லையே?" என்றாள்.

"அதுக்குக் கட்டம் இல்லம்மா."

"கட்டம் இல்லன்னா நடக்கலைன்னு ஆயிடுமா?"

மேட்ரன் பேனாவை மூடி வைத்தார். அத்தோடு விட்டிருந்தால் நல்லது. அகராதி விடுவாளா?

"இந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு தெரியுமா உங்களுக்கு? லத்தீன்ல இருந்து வந்தது. ஒருத்தரை நோக்கி எட்டு வைக்கிறது, அவ்வளவுதான் மூலம். கிட்டப் போய்ப் பேசறதுக்கும் அதையே சொன்னாங்க, ஒரு வேலையை ஆரம்பிக்கிறதுக்கும் அதையே சொன்னாங்க. நீங்க மாசாமாசம் புரோகிரஸ் ரிப்போர்ட்னு அனுப்பறீங்களே, அதுக்குள்ள இருக்கிறதும் இதே எட்டுதான், அது முன்னாடி வைக்கிற எட்டு. சண்டைக்குப் போறதுக்கும் அந்த ஊர்லயே சொல்லிட்டு இருந்தாங்க. இங்கிலீஷுக்கு வந்தப்ப அது ஒண்ணுதான் தங்கிச்சு. அதுலயும் ஒரு கண்டிஷன். முதல்ல போகணும். எதிராளி சும்மா இருக்கும்போது போய்க் கை வைக்கணும். அடி வாங்கினவன் திருப்பிக் கொடுத்தா அதுக்கு இந்த வார்த்தை கிடையாது. நூறு வருஷத்துக்கு முன்னாடி மனநல டாக்டருங்க எடுத்துக்கிட்டாங்க, அன்னைலேர்ந்து யார் முறைச்சாலும் அக்ரெஷன், யார் கத்தினாலும் அக்ரெஷன்."

மேட்ரன் பொறுமையாகக் கேட்டார். நல்ல மனுஷி என்றுதான் சொல்ல வேண்டும். வேறு யாராவது என்றால் பாதியிலேயே எழுந்து போயிருப்பார்கள்.

"நல்லா சொன்னீங்கம்மா. எங்களுக்கு அதுக்கு ஒரே அர்த்தம்தான். மூணு வந்தா மாடி." பிறகு கோப்பின் முதல் பக்கத்தைத் திருப்பினார். "இன்னொண்ணு. இந்த வார்த்தையை அவர்மேல நாங்க ஒட்டலம்மா. நீங்க எழுதிக் கொடுத்ததைத்தான் நாங்க படிச்சோம். புதுசா வர்ற ஆளுங்க எல்லாரும் வேலைக்குச் சேர்ந்ததும் இந்தப் பக்கத்தைத்தான் முதல்ல படிப்பாங்க."

சேர்க்கைப் படிவம் அது. 'இதற்கு முன் அக்ரெஷன் உண்டா?' என்ற கேள்விக்குக் கீழே அவளுடைய குண்டு மணி போன்ற கையெழுத்து, அன்று இடது கையால் எழுதியதால் கொஞ்சம் கோணல். 'உண்டு. சமையலறையில் என்னைத் தள்ளினார். என் வலது மணிக்கட்டு முறிந்தது.' ஓரத்தில் ஒரே ஒரு கையெழுத்து. அவளுடையது.

அந்தச் சொல்லுக்கு அகராதியில் பொருள் எழுதியவளே அவள்தான். 'தூண்டுதல் ஏதுமின்றி முதலில் சென்று தாக்குதல்.' 'தூண்டுதல் ஏதுமின்றி' என்பதை அவர்தான் சேர்க்கச் சொன்னார். இடம் அடைக்கிறது, வேண்டாம் என்று அவள் இரண்டு நாள் மல்லுக்கட்டினாள். அது இல்லாவிட்டால் கையெழுத்துப் போட மாட்டேன் என்றுவிட்டார். இப்போது அந்தப் படிவத்தைப் பார்க்கப் பார்க்க அவளுக்குக் காது சுட்டது. கோப்பை மூடிக் கொடுத்துவிட்டு எழுந்தாள்.

தோட்டத்தில் அவரோடு ஒரு பணியாளர் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். எல்லோரும் அவரை 'விசில்' என்று கூப்பிடுவார்கள். திடீரென்று பின்னால் போய் நின்றால் இங்கே உள்ளவர்கள் பயந்துவிடுகிறார்கள் என்று, நாலு அடி தூரத்திலிருந்தே ஏதாவது ஒரு பாட்டை விசிலடித்துக்கொண்டு வருகிற ஆள். அவளைப் பார்த்ததும் எழுந்து தள்ளி வந்தார்.

"அம்மா, நான் ஒண்ணு சொல்லட்டா? சார் முரடு இல்ல. நான் பார்த்துட்டேன். முகத்துக்கிட்ட கை வந்தா மட்டும்தான். அதுவும் இந்தப் பக்கம்." விசில் தன் இடது கன்னத்தைத் தொட்டுக் காட்டினார். "சாப்பிட்டதும் வாயைத் துடைக்கப் போனாங்க, தள்ளினார். ஷேவ் பண்ணப் போனாங்க, தள்ளினார். நர்ஸ் கண்ணுக்கு மருந்து போட வந்தாங்க, தள்ளினார். முதல்ல கையைத் தூக்கிக் கன்னத்தை மூடிக்கறார். அப்புறமும் கிட்டப் போனாத்தான் தள்றார். நான் சோப்பை அவர் கையிலயே கொடுத்துடறேன், சமத்தா போட்டுக்கறார்."

"மேட்ரன்கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன். பழைய பழக்கம், ஃபார்ம்லயே இருக்குன்னாங்க." விசில் குரலைத் தாழ்த்தினார். "சின்ன வயசுல யாரோ பலமா கை நீட்டியிருக்காங்கம்மா. வாத்தியாரோ, அப்பாவோ. மத்ததெல்லாம் மறந்தாலும் உடம்பு அதை விட மாட்டேங்குது. உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

"தெரியாது" என்றாள்.

சொல்லிவிட்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவர் எதிரே ஒரு செடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய அப்பா பிள்ளைகள்மேல் கை வைத்ததுகூட இல்லை என்று ஊரறியச் சொல்லுவார்கள். எந்த வாத்தியாரும் அவரை அடித்ததில்லை. வகுப்பில் முதல் மாணவர். இத்தனையும் அவளுக்குத் தெரியும். வாய் கூசாமல் 'தெரியாது' என்று எப்படி வந்ததோ, அவளுக்கே ஆச்சரியம். சமையலறையில் அன்று காலை நடந்ததை அவள் யாரிடமும் சொன்னதில்லை. தனக்குத்தானேகூட முழுசாகச் சொல்லிக்கொண்டதில்லை. எலும்பு டாக்டர் கேட்டார், தள்ளிவிட்டார் என்றாள். மகள் கேட்டாள், தள்ளிவிட்டார் என்றாள். பொய் இல்லை. தள்ளினது உண்மைதான். பாதி உண்மையை வைத்துக்கொண்டு ஏழு மாதம் ஓட்டியாயிற்று.

அன்று சாயங்காலம் மகளுக்குப் போன் செய்தாள், சொல்லிவிடலாம் என்றுதான். மகள் வங்கியில் மேலாளர், இரண்டு பிள்ளைகளுக்குத் தாய், ஒரு முடிவு எடுத்தால் எடுத்ததுதான்.

"மாடிக்குப் போகட்டும்மா. அங்கேயாவது யாரையும் காயப்படுத்தாம இருப்பார். உன் கையை ஒடைச்சவருக்காக நீ இப்படிப் பரிஞ்சு பேசறியே, உன்னை மாதிரி யாராவது இருப்பாங்களாம்மா?"

அந்தக் கடைசி வாக்கியத்தில் மகளின் குரல் கம்மியது. மகள் அப்படிப் பேசி எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. கேட்க நன்றாக இருந்தது, அதுதான் கொடுமை. சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு, பிள்ளைகளைப் பற்றி விசாரித்துவிட்டு வைத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை மேட்ரன் அறையில் ஐந்து நாற்காலி. டாக்டர் அவளுடைய மகள் வயதுப் பெண், வேலையில் கறார். மேட்ரன், மகள், அவள். விசில் உட்காராமல் கதவோரம் நின்றார். கணவரைக் கூப்பிடவில்லை, அவர் தோட்டத்தில் இருந்தார். டாக்டர் மூன்று தாளையும் படித்தார், பிறகு சேர்க்கைப் படிவத்தையும் படித்தார். விசில் கன்னத்து விஷயத்தை எடுத்துச் சொன்னார். டாக்டர் தலையாட்டினார்.

"பயத்துல பண்றார்னு வச்சுக்குவோம். ஆனா பயம் எதனாலன்னு தெரியாம நான் எதையும் மாத்த முடியாது. வீட்டிலேயே ஒருத்தர் கை முறிஞ்சிருக்கு. நாளைக்கு இங்க ஒருத்தர் தலை உடைஞ்சா யார் பதில் சொல்றது?"

"சரிங்க டாக்டர், எங்களுக்குச் சம்மதம்" என்று மகள் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தாளை அம்மா பக்கம் நகர்த்தினாள். பேனாவையும் திறந்தே கொடுத்தாள்.

அவள் பேனாவை வாங்கவில்லை. இப்போது பேசினால் மகள் போய்விடுவாள். பேசாவிட்டால் அவர் தோட்டத்திலிருந்து எழுந்து வந்து மாடி ஏறுவார், எதற்கு என்று கேட்கக்கூடத் தெரியாமல்.

"நான் எழுதிக் கொடுத்ததுல ஒரு வரி விட்டுப்போச்சு டாக்டர்."

"என்ன வரி?"

"முதல் வரி."

அவள் மேஜையைப் பார்த்தபடியே சொன்னாள்.

"அன்னைக்குக் காலைல ஆபீஸ் வேன் வந்துடுச்சான்னு கேட்டுட்டே இருந்தார். ரிட்டயராகி எட்டு வருஷம் ஆச்சு. பத்து தடவை பதில் சொன்னேன். பதினொண்ணாவது தடவையும் சொன்னேன். மறுபடியும் வந்து நின்னு, வேன் வந்துடுச்சான்னார். அறைஞ்சேன். இடது கன்னத்துல. இந்தக் கையாலதான்." கோணலாகக் கூடியிருந்த மணிக்கட்டை மேஜைமேல் வைத்தாள். "மறுபடியும் ஓங்கினேன். அப்பதான் தள்ளினார். ஷெல்ஃப்ல இடிச்சுக்கிட்டு விழுந்தேன். என்னைத் தூக்கிவிட்டதும் அவர்தான்."

"அம்மா" என்றாள் மகள்.

டாக்டர்தான் முதலில் சமாளித்துக்கொண்டு பேசினார். குரல் மெத்தென்று ஆகியிருந்தது. "நாள்பூரா ஒரு ஆளே பார்த்துக்கிட்டா இப்படி ஆகறது உண்டும்மா. பொறுமை ஒரு நிமிஷம் தவறிடும். நீங்க உங்களை ரொம்ப வதைச்சுக்காதீங்க. ஒரு தடவை நடந்தது."

மகள் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். ஒரு தடவை என்றால் மன்னிக்கத் தயாராக இருந்தாள், அது கண்ணிலேயே தெரிந்தது. மேட்ரனும் தலையாட்டிக்கொண்டிருந்தார். ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், அந்த அறையில் எல்லோரும் அவளைத் தாங்கிப் பிடித்திருப்பார்கள். அவரும் கீழேயே இருந்திருப்பார். அந்த ஆமாம் தொண்டைவரை வந்துவிட்டது என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

"ஒரு தடவை இல்லை" என்றாள். "அது நாலாவது."

மகள் எழுந்தாள். நாற்காலி சுவரில் இடித்தது. கைப்பையை எடுத்துக்கொண்டு, கையெழுத்துப் போட்ட தாளை மேஜையிலிருந்து எடுத்து இரண்டாகக் கிழித்து, டாக்டர் முன்னால் வைத்துவிட்டு வெளியே போனாள். அம்மாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. கார் கிளம்புகிற சத்தம் ஜன்னல் வழியே கேட்டது. வரும்போது அம்மாவும் அதே காரில்தான் வந்திருந்தாள்.

டாக்டர் சேர்க்கைப் படிவத்தை எடுத்து, அந்தக் கோணல் வரிகளின் மேல் பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தார். "இந்த வார்த்தையை அடிச்சிடலாமா?"

"வார்த்தை தப்பில்லை டாக்டர். ஆள்தான் தப்பு. அது நடந்தது நிஜம். யார் பண்ணாங்கன்னு மாத்தி எழுதுங்க."

எழுதினார்கள். மூன்று மஞ்சள் தாளும் ரத்தானது. அவர் முகத்தருகே யாரும் கை கொண்டுபோகக் கூடாது, சோப்பு, துண்டு, கண்மருந்து எல்லாம் அவர் கையில் கொடுத்தே செய்யவைக்க வேண்டும் என்று புது உத்தரவு விசிலின் பொறுப்பாகக் கோப்பில் ஏறியது. அதோடு இன்னொரு விதியும் ஏறியது, அதை மேட்ரன் அவள் முகத்தைப் பார்க்காமல் படித்துக் காட்டினார். மனைவி இனி அவரை வழக்கம்போல ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கு அழைத்துப்போகக் கூடாது. பார்க்க வருவதானால் பணியாளர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். தொடக் கூடாது. படித்து முடித்ததும் அவள் பேனாவைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். பஸ் நிறுத்தம்வரை நடக்கும்போதுதான் அழுகை வந்தது. நடுத்தெருவில், கடைக்காரர்கள் பார்க்க, முந்தானையைக்கூடத் தேடாமல் அழுதாள்.

அடுத்த வாரம் முழுக்க மகள் போனை எடுக்கவில்லை. அவளும் மூன்று தடவைக்குமேல் செய்யவில்லை. மகளுக்கு எழுதலாம் என்று உட்கார்ந்தாள். எப்படி ஆரம்பித்தாலும் நியாயம் கற்பிப்பதுபோலவே வந்தது, சப்பைக்கட்டு அவளுக்கே சகிக்கவில்லை. கிழித்துப் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பார்வையாளர் அறைக்குப் போனாள். ஒரு மேஜை, மூன்று நாற்காலி, சுவரில் ஒரு கடிகாரம். விசில் அவரைக் கையைப் பிடித்து அழைத்து வந்து உட்கார வைத்தார். தானும் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் நின்றுகொண்டே இருந்தாள். எவ்வளவு தூரத்தில் உட்காரலாம் என்று விதியில் போடவில்லை, அவளுக்குக் கேட்கவும் வெட்கமாக இருந்தது.

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"இவங்க யாரு?"

"உங்க வீட்டம்மா சார்" என்றார் விசில்.

அவர் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு விசில் பக்கம் சாய்ந்து ரகசியம்போலக் கேட்டார். ரகசியத்தை எவ்வளவு மெதுவாகப் பேச வேண்டும் என்பது மறந்துபோயிருந்ததால் அறை முழுக்கக் கேட்டது.

"நல்லவங்களா?"

விசில் அவள் பக்கம் திரும்பினார். கூட்டத்தில் கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்ட ஆள். தரையைப் பார்த்தார்.

"நான் உங்களை அடிச்சிருக்கேங்க" என்றாள் அவள். டாக்டரிடம் சொன்னாள், மகளுக்குக் கேட்கும்படியும் சொன்னாள். அடி வாங்கியவரிடம் சொல்வது இதுதான் முதல் தடவை. "நாலு தடவை."

"என்னையா?"

"ஆமா."

"எனக்கு ஞாபகம் இல்லையே."

"எனக்கு இருக்கு."

அவர் யோசித்தார். அவர் நெற்றி சுருங்குவதை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்வது என்று வந்திருந்தாள், வெளியே போ என்றால் போய்விடுவது என்றும் வந்திருந்தாள். கடைசியில் அவர் கையை நீட்டி எதிர் நாற்காலியைக் காட்டினார்.

"எவ்வளவு நேரம்தான் நின்னுட்டே இருப்பீங்க? உக்காருங்க."

கல்யாணமாகி முப்பத்தொன்பது வருடத்தில் அவளை அவர் 'நீங்க' என்று சொன்னதில்லை. அவள் உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்ததும் அவர் தன் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.